தோய்ச்சல்: கொறடும் கணினியும்

பழனி வட்டாரப் பட்டறைகளில் அரிவாளுக்குத் தோய்ச்சல் வைப்பது சில நொடி வேலை. செக்கச்சிவந்த இரும்பைக் கொறடால் பிடித்து, வாய்ப்பக்கத்தை மட்டும் தொட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். உடனே எடுத்து உரசிவிட்டு, முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு இறங்குவதைக் கவனிப்பார்கள். வைக்கோல் மஞ்சள் படர்ந்ததும் மறுபடி தண்ணீர். நீலம் ஏறவிட்டால் வாய் மெத்தென்று ஆகிவிடும். வெப்பமானி கிடையாது, நிறமும் 'சுர்'ரென்ற சத்தமும்தான் கணக்கு.

கொங்கு நாட்டுக்கு இது பழைய தொழில். நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளே அகழாய்வில் கிடைத்தன. காய்ந்த இரும்பு உண்ட நீரை மீட்க முடியாது என்பதைப் புறநானூற்றில் ஐயூர் மூலங்கிழார் ஓர் அரணுக்கு உவமையாக்கினார். உவமை அருமை, ஆனால் குடிப்பது நீர்தான், இரும்பின் சூட்டை.

எவ்வளவு குடிக்கிறது? அது நொடிக்கு நொடி மாறும். முதலில் நீராவி ஒரு போர்வையாக இரும்பைச் சுற்றிக்கொள்ளும், குளிர்ச்சி மந்தப்படும். லைடன்ஃப்ராஸ்ட் என்ற அறிஞர் 1756இல் விவரித்தது இந்த ஆவிப்படலத்தைத்தான். அது கிழிந்ததும் தண்ணீர் இரும்பைத் தொட்டு ஆவேசமாகக் கொதிக்கும். சூடு மிக வேகமாக வெளியேறுவது அப்போதுதான். கொதிப்பு அடங்கியபின் மெல்ல ஆறும். தண்ணீரில் உப்புப் போட்டால் ஆவிப்படலம் சீக்கிரம் உடையும். தொட்டி சூடேறிவிட்டால் நெடுநேரம் நிற்கும்.

இன்றைய ஆய்வகத்தில் 12.5 மி.மீ. விட்டமும் 60 மி.மீ. நீளமும் கொண்ட, இன்கோனெல் என்ற உலோகக்கலவையாலான உருளையின் நடுவில் வெப்பமின் இரட்டைக் கம்பியைச் செருகி, 850 டிகிரிக்குச் சூடாக்கி அமிழ்த்துகிறார்கள். ஆனால் சூடு வெளியேறுவது மேற்பரப்பில். அங்கே கம்பியை ஒட்டினால் கம்பியே கொதிப்பைக் கலைத்துவிடும். ஆகவே உள்ளே பதிவான வெப்பநிலையைக் கொண்டு வெளியே நடந்ததைக் கணினியில் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். சென்னை ஐஐடியில் டி.எஸ். பிரசன்ன குமார் இந்தத் தலைகீழ்க் கணக்கில் நிறைய உழைத்தவர். கொல்லர் வெளியே பார்த்து உள்ளே ஊகித்தார். ஆய்வாளர் உள்ளே அளந்து வெளியை ஊகிக்கிறார். எனக்கு இரண்டும் ஊகமே. பின்னதைத் திரும்பச் சரிபார்க்கலாம் என்பதுதான் பெரிய வித்தியாசம்.

இன்கோனெலைத் தேர்ந்ததற்குக் காரணம், அது குளிரும்போது உள்ளமைப்பு மாறாது; வெப்பநிலை இறங்கும் கோடு தெளிவாக விழும். எஃகோ இறுகும்போது தானே கொஞ்சம் சூட்டை வெளியிடும். அதனால் அந்த அளவை அப்படியே எஃகுக்குப் பொருத்த முடியாது. அரிவாளில் இன்னொரு சிக்கல்: முதுகு தடிமன், வாய் மெல்லிசு, தண்ணீரில் இறங்குவதும் பாதி மட்டுமே. அதற்கு ஒரு கம்பி போதாது. பல இடங்களில் கம்பி செருகி, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.