உங்களுக்குத் தெரியுமா? பழைய கருவிகளின் வயது

தாத்தாவின் தச்சுப்பெட்டி, பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைத்த ஸ்பேனர் செட்... இவற்றின் வயதைத் துருவை வைத்துச் சொல்ல முடியாது. ஈரமான இடத்தில் கிடந்தால் போன வருடம் வாங்கியதும் துருப்பிடிக்கும். பார்க்க வேண்டியவை வேறு.

● அமெரிக்காவின் ஸ்டான்லி இழைப்புளிகளில் கைப்பிடிக்கு முன்னால், அடித்தட்டு வார்ப்பிலேயே காப்புரிமைத் தேதிகள் இருக்கும். 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19 என்ற இரண்டு மட்டும் இருந்தால் அது 1902-க்கும் 1910-க்கும் இடைப்பட்டது. 1910 ஏப்ரல் 19-உம் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தையது.

● அந்த மூன்று தேதிகளுமே செவ்வாய்க்கிழமைகள்! அமெரிக்காவில் காப்புரிமைகள் செவ்வாய்தோறும் வெளியாவதே வழக்கம். தேய்ந்த தேதியைப் படிக்கத் திணறினால் பழைய நாட்காட்டியை எடுங்கள். செவ்வாயில் விழாத தேதி என்றால் ஏதோ ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்க வாய்ப்பு அதிகம்.

● தேதி இல்லாமல் காப்புரிமை எண் மட்டும் இருந்தாலும் போதும். அமெரிக்கக் காப்புரிமை எண் பத்து லட்சத்தைத் தொட்டது 1911-ல். இருபது லட்சம் 1935-ல். முப்பது லட்சம் 1961-ல். ஆனால் இந்த எண் ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே சொல்லும். பழைய எண்ணை அடித்தபடியே பல ஆண்டுகள் உற்பத்தி தொடர்ந்தது உண்டு.

● இழைப்புளி அலகில் இதய வடிவமும் அதற்குள் ‘எஸ்.டபிள்யூ.’ எழுத்துகளும் இருக்கின்றனவா? அது காதல் சின்னம் இல்லை. எழுத்துகள் ஸ்டான்லி ஒர்க்ஸைக் குறிப்பவை. இதயம், அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டின் பெயருக்காக. 1920-ல் தொடங்கி 1930களின் நடுப்பகுதி வரை இந்த முத்திரை இருந்தது.

● பிலடெல்பியாவின் டிஸ்டன் ரம்பங்களில் கைப்பிடியில் பதித்த பித்தளை வில்லையே பிறப்புச் சான்று. நிறுவனர் டிஸ்டனின் மூத்த மகன் 1865-ல் தொழிலில் கூட்டுச் சேர்ந்ததும் ‘டிஸ்டன் அண்ட் சன்’ என்று ஒருமையில் பொறித்தார்கள். 1871 வாக்கில் அது ‘சன்ஸ்’ என்று பன்மையானது. ஓர் எழுத்து கூடியதில் ரம்பத்தின் காலமே தெரிந்துவிடுகிறது.

● பித்தளை இருக்க வேண்டிய இடத்தில் கெட்டி ரப்பர், ரோஸ்வுட் கைப்பிடிக்குப் பதில் சாயம் பூசிய சாதா மரம். இப்படி ஒரு ஸ்டான்லி இழைப்புளி கிடைத்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பித்தளை ஆயுதங்களுக்குப் போனதால் 1942 முதல் 1945 வரை அப்படித்தான் செய்தார்கள்.

● அகன்ற அம்புத்தலைக் குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான அடையாளம். ராணுவத்துக்குச் சென்ற சுத்தியல், ஸ்பேனர், குறடுகளில் அம்புக்குறியின் பக்கத்தில் 1941, 1943 என்று ஆண்டையும் அடித்திருப்பார்கள். தேடுபவருக்கு இதைவிடச் சுலபமான துப்பு கிடையாது.

● இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1891-ல் நடைமுறைக்கு வந்தது. ‘இங்கிலாந்து’, ‘ஜெர்மனி’ என்று நாட்டுப் பெயர் பொறித்த கருவிகள் பெருகியது அதன் பிறகுதான். ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் மிகப் பழையது என்று முடிவுகட்ட வேண்டாம். உள்நாட்டில் விற்றதற்கு அந்த விதி பொருந்தாது.

● கருவியில் பொறித்த லண்டன் முகவரியில் தபால் வட்டாரக் குறி ‘ஈ.சி.’ என்று மட்டும் இருந்தால் ஒரு காலம், ‘ஈ.சி.1’ என்று எண்ணும் சேர்ந்திருந்தால் இன்னொரு காலம். எண்கள் 1917-ல்தான் வந்தன. நம் ஊர்ப் பெட்டிகளின் லேபிளிலும் இதே வித்தை பலிக்கும். விலை ‘நயா பைசா’வில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில், ஆறிலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு, ‘சென்னை’ என்பதற்குப் பதில் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முன்பு.

● ‘3/8 டபிள்யூ’ என்று அடித்த ஸ்பேனரின் வாயை அளந்தால் 3/8 அங்குலம் இருக்காது; அதைவிட அகலம். எண் குறிப்பது வாயை அல்ல, போல்ட்டின் விட்டத்தை. ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த மரை அளவு அது. 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் பொதுவான மரை அளவுக்கு ஒப்புக்கொண்டன. வாய் அகலத்தைச் சொல்லும் ‘ஏ.எஃப்.’ குறி பிரிட்டிஷ் ஸ்பேனர்களில் பரவலானது பெரும்பாலும் அதன் பின்புதான்.

● ‘1920-ஆம் வருடத்து செட்’ என்று விற்பவர் சத்தியம் செய்கிறாரா? உள்ளே நாம் ‘ஸ்டார்’ என்று சொல்லும் பிலிப்ஸ் திருப்புளி இருக்கிறதா பாருங்கள். ஹென்றி பிலிப்ஸின் திருகு 1930களின் நடுவில்தான் கார் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. அந்தத் திருப்புளி பின்னால் வந்து சேர்ந்தது, அல்லது செட்டே பின்னால் வந்தது.

● 1920-ல் தொடங்கிய ஸ்னாப்-ஆன் நிறுவனம் தன் கருவிகளில் ஆண்டுக்கொரு குறி அடித்தது. ஒரு பெட்டியில் உள்ள சாக்கெட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே குறி இருந்தால் அவை சேர்ந்தே வாங்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஆளுக்கொரு குறி என்றால் தொலைந்ததற்கு மாற்றாக ஒவ்வொன்றாய்ச் சேர்த்த செட்டாக இருக்கலாம்.

● உளியில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று பொறித்திருந்தால் அது வார்ப்பிரும்பு அல்ல. மூசையில் உருக்கிய உயர்ந்த எஃகு. ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் இந்த முறையைக் கொண்டுவந்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த முத்திரை பரவலாக இருந்தது. மூசை எஃகு தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் அதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

● பழைய பெட்டியைத் திறந்ததும் வாந்தி நாற்றம் அடித்தால் எலியைத் தேட வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்த சில பிளாஸ்டிக் கைப்பிடிகள் நாளடைவில் சிதைந்து பியூட்ரிக் அமிலத்தை வெளிவிடும். மேலே வெள்ளை மாவு பூத்திருப்பதும் உண்டு. காற்றோட்டமாக வைத்தால் நாற்றம் குறையும்.

கடைசியாக ஒன்று. கருவி கைக்கு வந்ததும் உப்புத்தாளும் கம்பி பிரஷும் எடுக்காதீர்கள். ரம்பத் தகட்டில் லேசாக அரித்துப் பதித்த எழுத்து அதோடு போய்விடும். முதலில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். அழுத்தமான முத்திரை என்றால் மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். ஒரே ஒரு குறியை நம்பாமல் இரண்டு மூன்று துப்புகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். கைப்பிடி மாறலாம், அலகு மாறலாம், பெட்டியும் மாறலாம். ஆகவே விலை பேசும் முன் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே விசாரியுங்கள்.