வாசலில் நழுவிப் போகாதீர்கள்

செப்டம்பர் முதல் வாரத்தில் நியூயார்க்கின் யூத மழலையர் பள்ளி வாசல்களில் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பிள்ளை மரக்கட்டைகளை அடுக்கப் போனதும் அம்மா சத்தமில்லாமல் நழுவி விடுகிறார். அரை நிமிடத்தில் பிள்ளை திரும்பிப் பார்க்கிறது. ஆளில்லை. அப்புறம் எழும் அலறல் தெருமுனை வரை கேட்கும். மறுநாள் அந்தப் பிள்ளை எந்தப் பொம்மைப் பக்கமும் போகாது; அம்மாவின் சட்டையை விட்டால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. "அழக் கூடாதே என்றுதான் சொல்லாமல் வந்தேன்" என்கிறார்கள். அழுகை தானாக அடங்கும். சொல்லாமல் போனதால் வந்த பயம் அத்தனை சீக்கிரம் அடங்காது.

யூத சமூக மையங்கள் நடத்தும் பள்ளிகளில் பல எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. நம் தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளையானாலும் விதி ஒன்றுதான். ஒரு முத்தம், "மதியச் சாப்பாடு முடிந்ததும் வருவேன்" என்று ஒரு வாக்கியம், உடனே கிளம்புங்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்குச் சாப்பாடுதான் கடிகாரம்.

இந்தப் பள்ளிகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிள்ளை மெல்லப் பழகி வரும் நேரத்தில்தான் யூதப் பெருவிழாக்கள் வரிசைகட்டி வரும். 2025இல் ரோஷ் ஹஷானா செப்டம்பர் 23. யோம் கிப்பூர் அக்டோபர் 2. சுக்கோத் 7ஆம் தேதி தொடங்கி, சிம்ஹத் தோரா 15இல் முடிந்தது. இடையிடையே பள்ளி திறப்பதும் மூடுவதுமாக இருந்தால் மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? பள்ளி தரும் நாள்காட்டியை ஆகஸ்டிலேயே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். விடுமுறையிலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். விழாக்கள் முடிந்து திறக்கும் நாளை முதல் நாளாகவே எண்ணி, ஓரிரு நாள் அரை வேளை போதும் என்று ஆசிரியையிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், கேட்பவர்கள்தான் இல்லை. வெள்ளிக்கிழமை இன்னொரு பொறி. யூதர்களின் வார ஓய்வு நாளான ஷபாத் அன்று சூரியன் மறையுமுன் தொடங்குகிறது. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஆகவே பல பள்ளிகள் வெள்ளியன்று சீக்கிரம் மூடிவிடுகின்றன. ஹலா ரொட்டி தின்று, திராட்சைச் சாறு குடித்து, பாட்டுப் பாடி, வாரத்திலேயே குதூகலமான நாளைக் கழித்த பிள்ளை, வாசலில் கடைசி ஆளாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வாசலில் காவலர் நிற்பார். யூத நிறுவனங்களுக்கு மிரட்டல்கள் உண்மையாகவே வருகின்றன; அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. ஊரிலிருந்து வந்த தாத்தா பேரனை அழைக்கப் போய், பட்டியலில் பெயர் இல்லாததால் வெறுங்கையோடு திரும்புவது அடிக்கடி நடக்கிறது. அழைத்துப்போக அனுமதி பெற்றவர் பட்டியலில் தாத்தாவின் பெயரை அவர் விமானம் ஏறுமுன்பே எழுதிக் கொடுங்கள். புகைப்பட அடையாள அட்டை அவர் பையில் இருக்கட்டும். சாப்பாட்டு விதிகளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில பள்ளிகள் வீட்டில் சமைத்ததையே ஏற்பதில்லை. பல பள்ளிகளில் இறைச்சி கூடாது, வேர்க்கடலை கூடாது.

அடுத்தது காகிதம். நகரச் சுகாதாரத் துறையின் சிஎச்-205 மருத்துவப் படிவம் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க முடியாது. இந்தியாவில் அரசுத் திட்டத்தில் ஊசி போட்டிருந்தால் கவனியுங்கள்: அங்கே போடுவது தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி. இங்கே கேட்பது பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர், அதுவும் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் ஃப்ளூ ஊசியும் வேண்டும். "மத நம்பிக்கை" என்று எழுதித் தந்து தப்பிக்கும் வழி 2019 ஜூனில் மூடப்பட்டுவிட்டது. புரூக்ளினில் பெரும்பாலும் தடுப்பூசி போடாத யூதக் குடும்பங்களில் பரவிய தட்டம்மை, நகரில் 649 பேரைத் தாக்கியதன் விளைவு அது. செப்டம்பரில் மருத்துவரைத் தேடி ஓடாதீர்கள், ஜூலையில் போங்கள். படிவம் வராததால் பிள்ளை ஒரு வாரம் பிந்திச் சேர்ந்தால், மற்றப் பிள்ளைகள் பழகிய வகுப்பில் அது மட்டும் புதிது.

உரிமம் பெற்ற மையத்தில் பிள்ளை இருக்கும் நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வர உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு வயது வகுப்பில் ஆறு பிள்ளைக்கு ஒரு ஆள், மூன்று வயது வகுப்பில் பத்துக்கு ஒருவர் இருக்க வேண்டும். ஆய்வு அறிக்கைகள் நகரின் இணையதளத்தில் கிடைக்கின்றன. புகாருக்கு நகரின் உதவி எண் 311.

இனி எல்லோரும் கோட்டைவிடும் இடம். விழாக்கள் முடிந்து பல வாரம் ஆகியும் பிள்ளை ஒட்டவில்லை, பேசவில்லை. வீட்டில் தமிழில் வாயாடும் பிள்ளை வகுப்பில் சில மாதம் மௌனமாக இருப்பது புது மொழியின் இயல்பு. 'மம்மம்', 'மூச்சா' போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி ஆசிரியையிடம் கொடுங்கள். பாதி அவதி தீரும். வீட்டிலும் பேச்சு இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். "பையன்கள் லேட்டாகத்தான் பேசுவார்கள்" என்பதை நம்பி ஆண்டு முழுவதும் வீணடிக்கிறார்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் 311ஐ அழைத்து, வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கான 'எர்லி இன்டர்வென்ஷன்' திட்டத்தைக் கேளுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் உங்கள் பகுதியின் மழலையர் சிறப்புக் கல்விக் குழுவான 'கமிட்டி ஆன் ப்ரீஸ்கூல் ஸ்பெஷல் எஜுகேஷன்' தலைவருக்கு நீங்களே எழுதலாம். பள்ளியின் சிபாரிசு தேவையில்லை. தனியார் பள்ளி, மதப் பள்ளி என்பதெல்லாம் தடையே இல்லை.

கடிதத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, முகவரி, படிக்கும் பள்ளி, உங்கள் கவலை என்ன, வீட்டில் பேசும் மொழி எது என்பதை எழுதி, மதிப்பீடு வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். மொழியைக் கட்டாயம் எழுதுங்கள்: பிள்ளையை அதன் மொழியில் மதிப்பிட வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். எழுதாவிட்டால் ஆங்கிலத்திலேயே சோதித்து, தமிழ் பேசும் பிள்ளையைப் பேச்சில்லாத பிள்ளை என்று எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. நீங்கள் ஒப்புதல் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். தகுதி உண்டென்றால் சிறப்பாசிரியர் ஒருவர் அதே யூத வகுப்பறைக்கே வந்து கற்பிக்கலாம், உங்களுக்குச் செலவில்லை. குடியுரிமை நிலை இதில் ஒரு பொருட்டே அல்ல. முடிவு ஏற்க முடியாததாக இருந்தால் மத்தியஸ்தமோ விசாரணையோ கோரலாம்.

குழுவின் அலுவலகம் "இன்னும் கொஞ்ச நாள் பாருங்கள்" என்று தொலைபேசியில் தட்டிக்கழிக்கும். அதற்கு மயங்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், தேதி போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சுக்கு அந்த அலுவலகத்தில் எந்தப் பதிவும் இருக்காது.