இணையத்தளத்தின் மெய்ம்மை அறிதல்

திருத்தலப் பயணம் மேற்கொள்ளும் அன்பர்கள் பலரும் இந்நாளில் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்னரே தரிசனச் சீட்டு, தங்கும் அறை, அபிஷேகக் கட்டளை, அன்னதான நன்கொடை ஆகியவற்றைக் கைப்பேசியின் வழியாகவே முடித்துக்கொள்கின்றனர். முதியோர்க்கும் தொலைவில் வாழ்வோர்க்கும் இது பெரும்பேறே. ஆயினும், கோயிலின் பெயரையும் கோபுரத்தின் படத்தையும் முகப்பில் தாங்கிய தளம் எல்லாம் அக்கோயிலுடையது ஆகாது. படத்தை எவரும் எடுத்து ஒட்டலாம். ‘அருள்மிகு’ என்று எவரும் எழுதலாம். ஆகவே மெய்த்தளம் எது, போலி எது என்று பகுத்தறியும் முறையை நாம் கற்றே ஆகவேண்டும். இவ்வயதில் இதெல்லாம் நமக்கு வருமோ என்று மலைக்க வேண்டா. ஏட்டுச்சுவடி படித்துப் பழகியவர்க்கு இது முற்றிலும் புதிய கலை அன்று.

பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒரே வடிவினவாக நிற்கும். ஆதலின் சுவடி படிப்பவர் ஒவ்வோர் எழுத்திலும் நின்று, இஃது இன்னதென்று தெளிந்த பின்னரே அடுத்த சொல்லுக்குச் செல்வர். அந்த நிதானமே இணையத்தள முகவரியைப் படிப்பதற்கும் வேண்டுவது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெயரால் இயங்கிய போலித்தளம் ஒன்றின்மீது 2023ஆம் ஆண்டில் காவல்துறையில் வழக்குப் பதிவாயிற்று. அப்போது தேவஸ்தானத்தின் மெய்யான முகவரி ‘திருப்பதிபாலாஜி.ஏபி.கவ்.இன்’ என்பது. போலியின் முகவரியோ ‘திருப்பதிபாலாஜி-ஏபி-கவ்.ஆர்க்’ என்பது. (ஆங்கில எழுத்தில் உள்ளவற்றை ஒலிப்படி இங்குத் தமிழில் எழுதினேன்.) விரைந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றே. நின்று நோக்கினால், புள்ளி இருக்கவேண்டிய இடங்களில் சிறு கோடு இருப்பதும், ஈற்றுச்சொல் வேறாக இருப்பதும் புலனாகும்.

இவ்வேறுபாடு ஏன் பெரிது என்பதை விளக்குதல் வேண்டும். இணைய முகவரியை நாம் படிக்கும் வழக்கப்படி இடமிருந்து வலமாகப் படித்தால் ஏமாறுவோம். முதற் சாய்கோடு வரும் இடம் வரையில் எடுத்துக்கொண்டு, அதன் வலக்கோடியிலிருந்து இடப்புறமாகச் செல்லவேண்டும். உடையவர் யார் என்பதை வலக்கோடிச் சொற்களே உரைக்கும். ‘கவ்’ என்பது அரசு என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். ‘கவ்.இன்’ என்று முடியும் முகவரி இந்நாட்டு அரசு அமைப்புகளுக்கே வழங்கப்படுவது. ‘ஆர்க்’, ‘காம்’ என்று முடிவனவற்றையோ கட்டணம் செலுத்தி எவரும் பதிந்துகொள்ளலாம்; பதிந்தவர் அதற்கு இடப்புறத்தில் தம் விருப்பம்போல் எதையும் எழுதிக்கொள்ளலாம். மேற்சொன்ன போலியில் ‘திருப்பதிபாலாஜி-ஏபி-கவ்’ என்பது முழுவதும் கோடிட்டு ஒட்டப்பட்ட ஒரே பெயர். அதிலுள்ள ‘கவ்’ வெறும் எழுத்தேயன்றி அரசைக் குறிப்பதன்று. தனியார் ஒருவர் தம் வீட்டு வாயிலில் ‘ஆட்சியர் அலுவலகம்’ என்று பலகை மாட்டியதை ஒக்கும் அது.

2024இல் தேவஸ்தானம் தன் முகவரியை ‘டிடிதேவஸ்தானம்ஸ்.ஏபி.கவ்.இன்’ என்று மாற்றிக்கொண்டது. முற்பெயர் மாறினும் ஈறு மாறவில்லை என்பதைக் கருதுக. நம் தமிழகத்தில் இந்து சமய அறநிலையத் துறையின் தளம் ‘டிஎன்.கவ்.இன்’ என்றே முடிகிறது; பழனித் திருக்கோயில் முதலியவற்றின் தளங்களும் அத்துறையின் முகவரிக்குள்ளேயே அடங்குவன.

இவ்வாறு முடியாதன எல்லாம் போலி என்று கொள்ளுதலும் பிழை. சபரிமலை தரிசன முன்பதிவுக்குரிய தளமும், காசி விசுவநாதர் ஆலயத் தளமும், சோமநாத ஆலய அறக்கட்டளையின் தளமும் ‘ஆர்க்’ என்றே முடிகின்றன, அவை மெய்த்தளங்களே. ஈற்றைக் கொண்டு தெளிய இயலாத இத்தகைய இடங்களில் முகவரியை எங்கிருந்து பெற்றோம் என்பதே வினா. கோயில் அலுவலகத்து அறிவிப்புப் பலகை, முன்பு பெற்ற இரசீது, தேவஸ்தானம் அச்சிட்ட நூல் ஆகியவற்றிலிருந்து எடுத்தெழுதிய முகவரியே கொள்ளத்தக்கது. தேடுபொறியில் கோயிற்பெயரை இட்டதும் முதலில் வருவதே மெய்த்தளம் என்று பலர் எண்ணுகின்றனர். முதலிடத்தில் வருவது பல வேளைகளில் பணம் கொடுத்து இடம்பிடித்த விளம்பரம். அது விளம்பரம் என்பதைக் குறிக்கும் சிறு சொல் அருகிலேயே இருக்கும், நம் கண்ணில் படுவதில்லை. கேதார்நாத் ஹெலிகாப்டர் பயணம், யாத்திரிகர் விடுதி ஆகியவற்றின் பெயரால் நடக்கும் இத்தகைய மோசடி குறித்து, மத்திய உள்துறையின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது.

எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர், கணவரின் திதிக்காகத் தலம் ஒன்றில் அறை வேண்டி, இவ்வாறு வந்த தளத்திலிருந்த எண்ணை அழைத்து 4000 ரூபாய் செலுத்தினார். சென்று கேட்டபோது, அப்படி ஒரு பதிவே இல்லை என்றார் அலுவலர். பணம் போனதைவிட, பின்னால் நின்றவர்கள் தம்மைப் பொய்யுரைப்பவராக நோக்கியதே அம்மையாருக்கு ஆறாத வருத்தம். அவர் செலுத்தும் வேளையில் பெறுபவர் பெயர் திரையில் தோன்றியிருக்கும்; கோயிலுக்குச் செலுத்தும் தொகை தனியாள் ஒருவர் பெயருக்குச் செல்வதேன் என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

பூட்டுக்குறி இருந்தால் நம்பலாம் என்பாரும் உளர். நாம் அனுப்பும் செய்தியை இடைவழியில் பிறர் படிக்க முடியாது என்பதே அக்குறியின் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதன்று. கள்வனும் தன் வீட்டுக்குப் பூட்டு வாங்கலாம் அல்லவா? மக்கள் இதனைப் பிறழ உணர்வதால், கூகுள் நிறுவனம் தன் குரோம் உலாவியில் 2023இல் அக்குறியை நீக்கி வேறொன்றை அமைத்தது.

காசு கொடுத்து ஏமாறுதல் ஒருவகை. சொல்லை நம்பி ஏமாறுதல் மற்றொரு வகை. பின்னதே எம்போன்றோர்க்கு மிகுந்த நோவு தருவது. ‘சங்க நூலில் உள்ளது’, ‘திருமந்திரம் கூறுகிறது’ என்று நூலறியாத செய்திகள் பல உலவுகின்றன. எந்நூல், எத்தனையாம் பாடல், யார் பதிப்பு என்று மூன்றும் கேளுங்கள். மூன்றும் இல்லையாயின் அதனைப் பிறர்க்கு அனுப்பாதீர்கள். பத்துத் தளங்களில் கண்டேன் என்பது சான்றாகாது. ஓர் ஏட்டைப் பார்த்துப் பத்துப்பேர் படியெடுத்தால் அவை பத்துச் சான்றுகள் அல்ல, ஒரே சான்றுதான். முதல் ஏட்டின் பிழை பத்திலும் இருக்கும். இணையத்திலும் ஒரே எழுத்துப்பிழை எல்லாவற்றிலும் காணப்படின், அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவை என்று துணியலாம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளை நாடித் திரட்டி ஒப்புநோக்கியது, வேறுபட்ட சான்றுகள் வேண்டியே.

நல்ல தளங்களும் உள. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில், தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் தொடக்கத்திலேயே தரப்பட்டிருக்கும். தம் பெயரை வெளியிடுபவர் பிழைக்குப் பொறுப்பேற்கின்றார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் இலக்கியம் தேடுவார்க்கு உதவுவது.

ஏமாற்றப்பட்டோம் என்று உணர்ந்தால் வெட்கி வாளாவிருத்தல் கூடாது. உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடுக, ‘சைபர்கிரைம்.கவ்.இன்’ என்னும் தளத்திலும் புகார் பதியலாம். பணம் வேறு கணக்குகளுக்கு மாறிவிடுமுன் முடக்கிவைக்க வாய்ப்புண்டு என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் அரிது. செலுத்திய நாள், நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தல் நன்று. தங்கள் வங்கிக்கும் அப்போதே தெரிவித்துவிடுக.