எல்லாம் கோபிதான்!

தில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட் என்று ஒரு சந்தை இருக்கிறது. ஐ.என்.ஏ. என்றால் இந்திய தேசிய ராணுவம். நேதாஜி தலைமை ஏற்று நடத்திய படை அது. அதன் பெயரால் இந்தச் சந்தையை அழைக்கிறார்கள். மீன், கோழி, ஆட்டுக்கறி, காய்கறி, மளிகை எல்லாம் இங்கே கிடைக்கும். தில்லியில் வாழும் தமிழர்களும் மலையாளிகளும் வங்காளிகளும் இங்கே வந்து வாங்குவார்கள்.

காய்கறிக் கடைக்குப் போவோம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கோல் மூன்றையும் பாருங்கள். ஒன்று போல் ஒன்று இல்லை. ஆனால் இந்தியில் இவற்றுக்கு என்ன பெயர் தெரியுமா? பத்தா கோபி, பூல் கோபி, காண்ட் கோபி. பத்தா என்றால் இலை. பூல் என்றால் பூ. காண்ட் என்றால் முடிச்சு. இலைக் கோபி, பூக் கோபி, முடிச்சுக் கோபி. மூன்றும் கோபிதான்!

பெயர் பொருத்தமானதுதான். மூன்றும் ஒரே காட்டுச் செடியின் வாரிசுகள். கடுகுச் செடிக்கு அது உறவு. ஐரோப்பாவில் கடலோரங்களில் வளரும்.

ஒன்று மூன்றானது எப்படி?

ஒரு தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகளும் ஒன்று போல் இருப்பதில்லை. செடிகளும் அப்படித்தான். ஒன்றில் இலை அடர்த்தியாக இருக்கும். ஒன்றில் தண்டு பருமனாக இருக்கும். உழவர்கள் தமக்குப் பிடித்த செடியின் விதையை எடுத்து வைத்தார்கள். அதையே விதைத்தார்கள். நம் ஊரிலும் விதைக்கென்று நல்ல கதிரைத் தனியாக எடுத்து வைக்கிறோம் அல்லவா?

இப்படிப் பல நூறு ஆண்டுகள் நடந்தது. இலையைத் தேடியவர்களுக்கு முட்டைக்கோஸ் கிடைத்தது. பூவைத் தேடியவர்களுக்குக் காலிஃபிளவர் கிடைத்தது. தண்டைத் தேடியவர்களுக்கு நூக்கோல் கிடைத்தது.

காட்டில் யார் தேர்ந்தெடுப்பது?

காட்டில் உழவர் இல்லை. ஆனாலும் அங்கே தேர்வு நடக்கிறது.

பச்சைப் புல்வெளியில் வெட்டுக்கிளிகள் இருக்கின்றன. சில பச்சை நிறம். சில பழுப்பு நிறம். பறவையின் கண்ணுக்குப் பழுப்பு எளிதில் தெரிகிறது. அதைத் தின்றுவிடுகிறது. பச்சைக் கிளிகள் தப்பிக் குஞ்சு பொரிக்கின்றன. குஞ்சுகளும் பச்சையாகப் பிறக்கின்றன. பல தலைமுறை போனால் எங்கும் பச்சைதான் மிஞ்சும்.

இதை இயற்கைத் தேர்வு என்பார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் டார்வின் 1859-இல் இதை ஒரு நூலில் விளக்கினார். கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிறு மாறுதல்கள் சேர்ந்து புதிய உயிரினங்கள் தோன்றின. இதுவே பரிணாமம்.

சான்று உண்டா?

உண்டு. கோழி இறக்கையைப் பாருங்கள். மேல் துண்டில் ஒரே எலும்பு. அடுத்த துண்டில் இரண்டு எலும்பு. உங்கள் கையைத் தொட்டுப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை வரை ஒரே எலும்பு. முழங்கைக்குக் கீழே இரண்டு. கடலில் வாழும் திமிங்கலத்தின் துடுப்பிலும் இதே அமைப்புதான். பறக்க, பிடிக்க, நீந்த என்று வேலை வேறு. எலும்பின் வரிசை ஒன்று. மூவருக்கும் பழைய மூதாதை ஒன்று என்பதை இது காட்டுகிறது.

திமிங்கலம் மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். அதன் முன்னோர்கள் தரையில் நடந்தவர்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் கால்களோடு கூடிய பழங்காலத் திமிங்கலத்தின் எலும்புகள் கிடைத்துள்ளன. எலும்பு கல்லாக மாறிக் கிடப்பதைப் புதைபடிவம் என்பார்கள்.

ஜம்மு-காஷ்மீரில் ஏ. ரங்கா ராவ் என்ற நிலவியல் அறிஞர் பாறைகளைச் சேகரித்து வைத்திருந்தார். அவற்றில் சிறு மான் போன்ற ஒரு விலங்கின் எலும்புகள் இருந்தன. அதன் வயது சுமார் 4.8 கோடி ஆண்டுகள். அதன் காது எலும்பு திமிங்கலத்தின் காது எலும்பைப் போலவே இருந்தது. திமிங்கலத்துக்கு அது நெருங்கிய உறவு என்று 2007-இல் அறிஞர்கள் அறிவித்தார்கள்.

"அப்படியானால் குரங்குதான் மனிதனாக மாறியதா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. இன்றைய குரங்கு நமக்குத் தாத்தா அல்ல. பங்காளி. இருவருக்கும் முன்னோர் ஒருவர்.

நமக்கு இதனால் என்ன?

பரிணாமம் பழங்கதை அல்ல. நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது.

காசநோய்க் கிருமிகள் எல்லாம் ஒன்று போல் இல்லை. மருந்து சாப்பிட்டதும் வலுவில்லாதவை முதலில் சாகும். இருமல் குறையும். "நோய் போய்விட்டது" என்று சிலர் மருந்தை நிறுத்திவிடுவார்கள். மருந்தைத் தாங்கும் கிருமிகள் மிஞ்சிப் பெருகும். பிறகு அந்த மருந்து பலிக்காது. அந்தக் கிருமி வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும்.

பண்ணைக் கோழிகளுக்கும் கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பது உண்டு. அங்கேயும் மருந்தைத் தாங்கும் கிருமிகள் பெருகலாம். கொலிஸ்டின் என்பது கடைசிக் கட்டத்தில் மனித உயிரைக் காக்கும் மருந்து. அதைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2019-இல் இந்திய அரசு தடை செய்தது.

ஆகவே மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். பிறருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். உழவர் நல்ல விதையைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். நாம் கெட்ட கிருமியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்க வேண்டாம்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் விதைக்கு எந்தக் கதிரை எடுத்து வைக்கிறார்கள்? ஏன்?
2. மருந்தைப் பாதியில் நிறுத்தினால் எந்தக் கிருமி மிஞ்சும்?