வராத பயணிக்காகக் கட்டும் நிலையம்

தமிழகத்தில் உறவினர் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். மொட்டை மாடியில் தூண்களின் உச்சியிலிருந்து இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். “பையனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எடுக்கலாம்” என்பார் வீட்டுக்காரர். அஸ்திவாரத்தையும் அதற்கேற்பப் போட்டிருப்பார். வசதி வந்தால் கட்டுவார்; வராவிட்டால் அந்தக் கம்பியில் கொடி கட்டித் துணி காயப்போடுவார். நட்டம் என்றால் கொஞ்சம் கம்பியும் சிமெண்டும்தான்.

விமான நிலையம் கட்டுவோருக்கும் இதே சிக்கல்தான், தொகைதான் கோடிக்கணக்கில். ஒரு முனையத்தைத் திட்டமிட்டுக் கட்டி முடிக்கப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். கட்டிய பிறகு அது பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டும். ஆனால் விமானத் தொழிலோ எண்ணெய் விலை ஏறினால் சுருங்கும், புதிய வகை விமானம் வந்தால் பாதை மாறும், நோய் பரவினால் ஒரே மாதத்தில் நின்றுவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் டி நியூஃப்வில் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது இதைத்தான்: முன்கணிப்பு பொய்க்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

கணிப்பை முழுதாக நம்பியதால் வந்த விளைவுக்குக் கனடாவின் மிராபெல் சாட்சி. மொன்ட்ரியால் நகருக்காக 1969இல் ஏறத்தாழ 39,000 ஹெக்டர் நிலத்தை அரசு கையகப்படுத்தியது. தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பங்கள் வெளியேறின. 1975இல் நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் பழைய டோர்வல் நிலையம் மூடப்படவில்லை. உள்நாட்டு விமானங்கள் அங்கேயே நின்றன. நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள் வந்தபின், எரிபொருளுக்காக மொன்ட்ரியாலில் இறங்க வேண்டிய தேவையும் குறைந்தது. வாக்களித்த ரயில் பாதை வரவில்லை. ஓர் ஆண்டில்கூட மிராபெலின் பயணிகள் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டவில்லை. 2004இல் பயணிகள் சேவை முடிந்தது. 2014இல் முனையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். இன்று அங்கு இறங்குபவை பெரும்பாலும் சரக்கு விமானங்கள்.

அவ்வளவு நிலம் கையிலிருந்தும் அது உதவவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிலத்தை ஒதுக்கி வைப்பது ஒரு வசதிதான். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் அங்கு வாழ்ந்தவர்கள். மிராபெலின் பெரும்பகுதி நிலத்தை அரசு 1980களில் திருப்பி விற்றது. இழந்த ஆண்டுகளை யார் விற்பது?

நமது செப்பாங்கும் பெரிய நிலத்தில்தான் தொடங்கியது. செம்பனைத் தோட்டங்களும் ஓராங் அஸ்லி கிராமமும் இருந்த வட்டாரத்தில் 10,000 ஹெக்டர் ஒதுக்கி, 1998 ஜூனில் கேஎல்ஐஏ திறக்கப்பட்டது. முதல் கட்டம் ஆண்டுக்கு இரண்டரைக் கோடிப் பயணிகளுக்கு. பின்னர் தேவைக்கேற்பத் துணை முனையங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பது திட்டம். திட்டம் நல்லதுதான். ஆனால் வளர்ச்சி வேறு வாசல் வழியாக வந்தது. 2001இல் டோனி பெர்னாண்டஸ் ஏர் ஆசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு, கடனோடு சேர்த்து வாங்கினார். மலிவுக் கட்டண விமானத்துக்குப் பளிங்குத் தரையும் தானியங்கி ரயிலும் தேவையில்லை. தேவை குறைந்த கட்டணமும் விரைவாகத் திரும்பிப் பறக்கும் வசதியும். இப்படியொரு பயணியை 1990களின் வரைபடம் கற்பனை செய்திருக்கவில்லை.

2006 மார்ச்சில் எல்சிசிடி எழுந்தது. இணைப்புப் பாலம் கிடையாது. விமானம்வரை நடந்தே போக வேண்டும். ஒரு கோடிப் பேருக்கென்று கட்டியது விரைவில் போதாமல் போய், விரிவாக்க வேண்டியதாயிற்று. பிறகு நாலரைக் கோடிப் பேருக்கான கேஎல்ஐஏ2 வந்ததும் 2014 மே மாதம் எல்சிசிடி மூடப்பட்டது. எட்டே ஆண்டுகள். இதை வீண்செலவு என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலிவாகக் கட்டியதால்தான் அதை மனம் கோணாமல் கைவிட முடிந்தது; நாலரைக் கோடிப் பேருக்கு இடம் தேவை என்பதையும் அந்தக் கொட்டகைதான் மெய்ப்பித்துக் காட்டியது. சிங்கப்பூரிலும் இதே கதைதான். 2006இல் திறந்த பட்ஜெட் முனையத்தை 2012இல் மூடி, அந்த இடத்தில் நான்காம் முனையத்தை 2017இல் திறந்தார்கள்.

இடிக்காமலே மாற்றிக்கொள்ளவும் வழிகள் உண்டு. சில நிலையங்களில் ஒரே புறப்பாட்டு வாயிலுக்கு இரு கதவுகள் இருக்கும்: காலையில் ஒன்றைத் திறந்தால் உள்நாட்டுப் பயணிகள், மாலையில் மற்றதைத் திறந்தால் வெளிநாட்டுப் பயணிகள். ஒரு பெரிய விமானம் நிற்கும் இடத்தில் கோடுகளை மாற்றி வரைந்து, இரண்டு சிறிய விமானங்களை நிறுத்துவார்கள். பதிவு முகப்புகளை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாக்காமல், திரையில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். உட்சுவர்கள் பாரம் தாங்காதவையாக இருந்தால், கடையை வரிசைக் கூடமாக்குவது சில வார வேலை. இவற்றுக்கெல்லாம் தொடக்கத்தில் சற்றுக் கூடுதல் செலவாகும். கணக்காளர் முதலில் வெட்டுவதும் இவற்றைத்தான். ஏனென்றால் பயன் என்றைக்கு வரும் என்று அவரிடம் தேதி சொல்ல முடியாது.

தேதி 2020இல் வந்தது. 2019இல் 6 கோடியே 83 லட்சம் பயணிகளைக் கண்ட சாங்கி, 2021இல் கண்டது சுமார் 30 லட்சம் பேரை. இரண்டாம், நான்காம் முனையங்களை மூடிச் செலவைக் குறைக்க முடிந்ததற்குக் காரணம், நிலையம் தனித்தனி முனையங்களாகப் பிரிந்திருந்ததுதான். ஒரே பெரிய கூடமாக இருந்திருந்தால் காலியான இடத்துக்கும் குளிரூட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஐந்தாம் முனையத் திட்டத்தை இரண்டு ஆண்டுகள் நிறுத்தி, வரைபடத்தை மறுபடி பார்த்தார்கள். ஆண்டுக்கு ஐந்து கோடிப் பேருக்கான அந்த முனையத்தைத் தேவைப்பட்டால் சிறு முனையங்களாகப் பிரித்து இயக்கலாம் என்ற ஏற்பாடு அதன்பின் சேர்ந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் பயணிகளைத் தனித்தனியே பிரித்து வைக்கவும் இடமுண்டு.

2024இல் சாங்கியின் எண்ணிக்கை 6 கோடியே 77 லட்சத்துக்குத் திரும்பியது. 2025 மே மாதம் ஐந்தாம் முனையத்தின் பணி தொடக்க விழா நடந்தது. 2030களின் நடுவில் கதவு திறக்கும்போது எத்தனை பகுதிகளுக்கு விளக்கேற்றுவது என்பதை அப்போதைய பயணிகள் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.