டியூப் ஆம்ப்ளிஃபயர்: காசு எங்கே போகணும்?

டியூப் ஆம்ப் கட்டப் போறேன்னு சொல்பவர்கள் முதலில் கேட்பது, எந்த டியூப் வாங்கலாம் என்பதுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. முதலில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள்.

வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் 300பி-யை எடுத்துக்கொள்வோம். 1930களில் வந்த ட்ரையோட், இன்றும் தயாராகிறது. சேனலுக்கு ஒரே ஒரு டியூப் வைத்தால் சுமார் 8 வாட் கிடைக்கும். டியூபுக்குத் தேவை 3,500 ஓம் மாதிரி ஒரு சுமை. ஸ்பீக்கரோ 8 ஓம். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் 21:1 சுற்று விகிதத்தில் இதைச் சமாளிக்கிறது (3,500ஐ 8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள்). கூடவே டியூபின் டிசி மின்னோட்டமும் பிரைமரி வழியாகத்தான் ஓடணும். கோர் அதில் செறிவடைந்து போகாமலிருக்க ஒரு மெல்லிய இடைவெளி விடுவார்கள். இடைவெளி விட்டால் இண்டக்டன்ஸ் குறையும், பேஸ் மெலியும். ஈடுகட்டப் பெரிய கோர், அதிகச் சுற்று. சுற்று கூடினால் உச்ச அதிர்வெண்கள் அடிபடும். கனமும் விலையும் இந்த இழுபறியில்தான் ஏறுது.

8 வாட் போதுமா? 1 வாட்டுக்கு 96 டெசிபல் தரும் ஸ்பீக்கரில், 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட் கொடுத்த சத்தம் வரும்.

அந்த 'இனிமை'? இங்கே பிறக்கும் திரிபில் பெரும்பங்கு இரண்டாம் ஹார்மோனிக். அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி, அதனால் காதை உறுத்தாது. துல்லியம்னு இதைச் சொல்ல மாட்டேன்; எனக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

உள்ளே 400 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டரில் தங்கி நிற்கும், ஆளைக் கொல்லும். பிளீடர் ரெசிஸ்டர் போடுங்கள். போட்டிருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.