எரிபொருள் மானியின் முள் ஏன் ஆடுகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, பிரசவ வேதனைப்பட்ட தாய் ஒருவரை எங்கள் பழைய வானில் வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றோம். எரிபொருள் மானியின் முள் கால் தாங்கி டீசல் இருப்பதாகக் காட்டியது. பாதி வழியில் வான் நின்றுவிட்டது. தாங்கி வெறுமையாக இருந்தது. சைக்கிளில் போய் டீசல் வாங்கி வந்து, குழாயில் புகுந்த காற்றை எடுத்துப் புறப்பட ஒன்றரை மணி நேரம் சென்றது. தாயும் சேயும் பிழைத்தது இறைவன் அருள்.

அந்த முள் ஒரு மாதமாகவே துள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் பொருட்படுத்தவில்லை.

தாங்கியினுள்ளே ஒரு மிதவை உண்டு. அது ஒரு கம்பியின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். டீசலோ பெற்றோலோ குறையும்போது மிதவை தாழும். கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைச் சுருளின் மேல் உரசி நகரும். அதனால் மின்னோட்டம் மாறி, முள்ளும் நகரும். ஆகவே முள் லீற்றரை அளப்பதில்லை. மிதவை நிற்கும் இடத்தில் எண்ணெய் மட்டம் எவ்வளவு உயரம் என்பதையே சொல்கிறது.

நிறைகுடம் தளும்பாது, அரைக்குடம் தளும்பும். தாங்கியும் அப்படியே. பிரேக் பிடித்தால் எண்ணெய் முன்னே ஓடும். ஏற்றத்தில் பின்னே சாயும். வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கும். அதைத் தணிக்கவே பல தாங்கிகளினுள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். சில மானிகளின் முள்ளை மெதுவாக நகரும்படியும் அமைக்கிறார்கள். எனவே குன்றும் குழியுமான வீதியில் முள் சற்று ஆடுவது பழுதல்ல.

பழுதின் அடையாளங்கள் வேறு:

1. எப்போதும் ஒரே அளவில் முள் துள்ளினால், சுருள் அந்த இடத்தில் தேய்ந்திருக்கலாம்.

2. விளக்கைப் போடும்போது அல்லது குழியில் விழும்போது முள் பாய்ந்தால், தாங்கியின் ஏர்த் வயர் தளர்ந்தோ துருப்பிடித்தோ இருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

3. முள் அசையாமல் நின்று பின் திடீரென விழுந்தால், மிதவைக் கம்பி சிக்குகிறது. எங்கள் வானில் நடந்தது இதுவே. கம்பியின் மூட்டில் துரு ஏறியிருந்தது.

நாம் செய்யக்கூடியது என்ன? சமதரையில் வாகனத்தை நிறுத்தி, இரண்டு நிமிடம் பொறுத்து முள்ளைப் பாருங்கள். கால் தாங்கிக்குக் கீழே போகவிடாமல் நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை லீற்றர் ஊற்றினீர்கள், எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கொப்பியில் எழுதுங்கள். உழவு இயந்திரத்துக்கு ஓர் அளவுகோல் செய்யலாம். வெறுந்தாங்கியில் ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சுத்தமான காய்ந்த தடியை நேராக விட்டு, நனைந்த இடத்தில் கோடு வெட்டுங்கள். இரவில் தீப்பெட்டி வெளிச்சத்தில் தாங்கியைப் பார்க்கவே கூடாது.

இறுதியாக ஒன்று. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல சேர்ந்து ஓர் உழவு இயந்திரத்தைப் பாவிக்கும் இடங்களில், "நேற்று அரைத் தாங்கி காட்டியது, இன்று கால் தாங்கிதான்" என்று சாரதி மீது களவுப்பழி விழுவதுண்டு. மேட்டில் நின்ற முள்ளும் பள்ளத்தில் நின்ற முள்ளும் ஒரே கணக்கைச் சொல்லமாட்டா. ஒருவரைக் குற்றம் சாட்டுமுன் தடியை விட்டு அளந்து பாருங்கள்.